ஒன்பதாம் நம்பர் ரூம்

காலேஜ்ல வாத்தியாரா இருக்கியளா? நினைச்சேன். மடியில விடைத்தாள் கட்டைப் பாத்ததுமே நினைச்சேன். கௌரவ விரிவுரையாளரா? சரி, எதுவா இருந்தா என்ன, வாத்தியார் வாத்தியார்தான். கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி, முழங்கால் மடக்க முடியலை. நானும் வாத்தியார்தான். பேரு தீத்தாரப்பன். எங்க ஊரு அரசு கலைக் கல்லூரியில அரசியல் அறிவியல் நடத்தினேன். ரிட்டயர்டு ஆகி ரொம்ப நாளாச்சு. ஆனா ஊருக்குள்ள இன்னும் எனக்குப் பேரு 'சார்'தான். வெறும் 'சார்'னு சொன்னா ஆட்டோக்காரன் எங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து இறக்கி விட்டிருவான்.

மதுரைக்குத்தான் போறேன். மக வீட்டுக்கு. வீட்டுக்காரி அங்கதான் இருக்கா, கூட்டிட்டு வரணும். அது ஒரு கதை. சொல்லுதேன். உங்களுக்குப் பேப்பர் திருத்தணுமா? ஓடுற பஸ்ல என்னத்தத் திருத்துவிய, உள்ள வைங்க.

எங்க ஊர்ல சேர்மன் இருக்காரே, தளவாய், அவன் என் மாணவன். அவனை எதிர்த்து நிக்கிற கட்சியோட நகரச் செயலாளர் ஜெபசிங், அவனும் என் மாணவன். ரெண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே ஹாஸ்டல். மேடையில ஒருத்தனை ஒருத்தன் கிழிச்சுத் தொங்க விடுவானுவ. கல்யாண வீட்ல பக்கத்துப் பக்கத்து இலையில உக்காந்து சாப்பிடுவானுவ. ஆட்டோ சங்கம், மார்க்கெட் சங்கம், லாரி சங்கம், எதைத் தொட்டாலும் நம்ம பயலுவதான். எங்க ஊர்ல அரசியல் பண்ணணும்னா எவனும் கட்சி ஆபீசுல போய்ப் படிக்கலை தம்பி. எங்க காலேஜ்லதான் படிச்சான்.

இப்போ நாலு இன்ஜினியரிங் காலேஜ் வந்துட்டு. கழுத்துல டை, நெஞ்சுல அட்டை. யூனியன் கிடையாது, எலெக்‌ஷன் கிடையாது. மஞ்சள் பஸ்ல வாரான், மஞ்சள் பஸ்ல போறான். எங்க ஊருக்கு அடுத்த சேர்மன் எங்கேருந்து வருவான்னு நான் கேக்கேன்.

அந்தக் காலத்துல மாணவர் பேரவைக்கு ஆலோசகர் நான்தான். வேற எவனும் அந்த வேலைக்கு வரமாட்டான், கல்லெறி விழும்னு பயம். எனக்குப் பயம் இல்லை. ஏன் தெரியுமா? வழி தெரியும். ஸ்ட்ரைக்குனு வந்தா பிரின்சிபால் போலீசைக் கூப்பிடணும்பார். நான் சொல்லுவேன், "சார், அரை மணி நேரம் குடுங்க." கேட்டுக்குப் போவேன். ஐந்நூறு பேர் கத்திக்கிட்டு நிப்பான். ஐந்நூறு பேருகிட்ட பேச முடியுமா? ஒருத்தன்கிட்ட பேசலாம். அந்த ஒருத்தன் தோள்ல கையைப் போட்டு, "வாடே, வெயில்ல நிக்காத, ரூமுக்கு வா, டீ குடிச்சுக்கிட்டே பேசுவோம்"னு கூட்டிட்டுப் போயிருவேன். என் ரூம் ஒன்பதாம் நம்பர். உள்ள போனதும் கோரிக்கையைப் பத்திப் பேச மாட்டேன். உங்க அப்பா எப்படி இருக்காவ, அக்காவுக்குக் கல்யாணம் ஆயிட்டா, அப்படித்தான் ஆரம்பிப்பேன். அப்பறம் மெதுவாக் கேப்பேன், "உனக்கு என்னடே வேணும்?" அவ்வளவுதான். பாம்பும் சாகணும், கம்பும் உடையக்கூடாது.

தளவாயையே எடுத்துக்கிடுங்க. ஹாஸ்டல்ல தண்ணி வரலைன்னு பெரிய ஸ்ட்ரைக்கு. இவன்தான் தலைவன். வாளி, குடம் எல்லாம் கேட்டுல கட்டித் தொங்க விட்டுட்டான். ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய்க் கேட்டா, பயலுக்கு வருகைப் பதிவு குறைவு, பரீட்சை எழுத முடியாது. கண்ணு கலங்கிட்டு. நான் பிரின்சிபால்கிட்ட பேசிச் சரி பண்ணிட்டேன். வெளிய வந்து, "நிர்வாகம் பரிசீலிப்பதாக உறுதி அளித்துள்ளது, போராட்டம் வெற்றி"ன்னு முழங்கினான் பாருங்க. அன்னைக்கே நினைச்சேன், இவன் சேர்மன் ஆவான்னு.

தண்ணியா? வந்திருக்கும். அடுத்த வருஷமோ என்னவோ வந்ததா ஞாபகம்.

ஜெபசிங்குக்கு மாநிலப் பேச்சுப் போட்டிக்குப் போகணும்னு ஆசை. அனுப்பி வச்சேன். ஒவ்வொருத்தனுக்கு ஒண்ணு. இந்த வழக்கம் காலேஜோட நிக்கலை தம்பி, ஊருக்கே பரவிட்டு. இப்போ எங்க ஊர்ல எந்த மறியலா இருந்தாலும், பந்தல் போடும்போதே பக்கத்துல ஒரு ரூம் பாத்து வச்சிருவாவ. கல்யாண மண்டபத்துல மணமகள் அறை, லாட்ஜு, எதாவது ஒண்ணு. பொதுசனமே, "என்னப்பா, ரூமுக்குப் போயிட்டாவளா?"ன்னு கேக்கும். போயிட்டாவன்னா கடையைத் திறந்திருவான். வெளியூர்லேருந்து வந்த தாசில்தார் ஒருத்தர் என்கிட்டயே கேட்டாரு, "என்ன சார் உங்க ஊர்ல மறியல் மத்தியானச் சாப்பாட்டைத் தாண்ட மாட்டேங்குது?"ன்னு. நான் சிரிச்சுக்கிட்டேன். துப்பாக்கிச் சூடு கிடையாது, தடியடி கிடையாது. ஒரு வாத்தியாருக்கு இதைவிட வேற என்ன பெருமை வேணும்?

ஒரே ஒரு பிள்ளைதான் ரூமுக்கு வராதது. முப்பிடாதின்னு பேரு. ஒல்லியா இருப்பா, பேச்சு மட்டும் வெடுக்கு வெடுக்குன்னு வரும். காலேஜ்ல பொம்பளப் பிள்ளைங்க கக்கூசுக்குக் கதவு இல்லை. ஒருத்தி போனா நாலு பேரு தாவணியைப் பிடிச்சுக்கிட்டு மறைச்சு நிக்கணும். அதுக்கு இவ கேட்டுல வந்து உக்காந்துட்டா, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு. நான் வழக்கம் போலப் போய், "ரூமுக்கு வாம்மா"ங்கேன். "இங்கனயே வச்சுச் சொல்லுங்க சார், எல்லாருக்கும் கேக்கட்டும்"ங்கா. சரி, அப்பன் இல்லாத பிள்ளை, என்ன வேணும்னு விசாரிச்சு, லேப்ல ஒரு வேலைக்கு ஏற்பாடு பண்ணுதேன்னு சொல்லி விட்டேன். என்ன சொன்னா தெரியுமா? "எனக்குன்னு நான் எதுவும் கேக்கலையே சார். கதவுதானே கேட்டோம்." பிரின்சிபால் சஸ்பெண்டு பண்ணிட்டார். படிப்பும் போச்சு. பிழைக்கத் தெரியாத பிள்ளை. கதவு போட்டாவ, அடுத்த மாசமே போட்டாவ, அது வேற விஷயம்.

அவளை ஏன் சொல்லுதேன்னா, இப்போ அவ எங்க காலனிக்குப் பின் தெருவுலதான் இருக்கா. மாவு அரைச்சு விக்கா. எங்க வீட்டுக்காரி வடிவு அவகிட்டதான் மாவு வாங்குவா. ரெண்டும் நல்ல கூட்டு.

எங்க ஆசிரியர் காலனிக்குப் பின்னால குளம் ஒண்ணு கெடந்துச்சு. வத்திப் போன குளம். அதுல நகராட்சி குப்பை கொட்ட ஆரம்பிச்சுது. கொட்டினா பரவாயில்லை, பகலோ சாயங்காலமோ கொளுத்தி விட்டிருதான். ரப்பரு, பிளாஸ்டிக்கு, ஆஸ்பத்திரிக் குப்பை, எல்லாம் சேந்து ஒரு மஞ்சப் புகை வரும். வடிவுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. மழைக் காலத்துல கொஞ்சம் வரும், போயிரும். இந்தப் புகை வந்த பிறகு தினமும் இழுக்க ஆரம்பிச்சுட்டு. ஜன்னலை எல்லாம் சாத்தி, ஈரத் துணியைச் சந்துல அடைச்சு, கட்டில் நடுவுல உக்காந்திருப்பா. படுக்க முடியாது. படுத்தா மூச்சு வராது. ஆவி பிடிக்கிற மிஷின் ஒண்ணு வாங்கி வச்சோம். கரண்டு போச்சுன்னா நான் விசிறியை எடுத்துக்கிட்டு உக்காருவேன். டாக்டர் சொல்லிட்டாரு, "மருந்து பாதிதான் சார், அந்தப் புகை நிக்கணும். இல்லைன்னா ஒரு நாள் மூச்சு திரும்பாது." சும்மா சொல்லலை தம்பி, ராத்திரி பூரா அவ மூச்சை எண்ணிக்கிட்டே முழிச்சிருப்பேன்.

நான் சும்மா இருப்பேனா? காலனிக்காரங்களைத் திரட்டினேன். பின் தெருவுலேருந்து முப்பிடாதி பொம்பளைங்களைக் கூட்டிட்டு வந்தா. அந்தக் குப்பைக் கிடங்குக்குப் போற ரோட்டுல உக்காந்துட்டோம். குப்பை லாரி வரிசையா நிக்குது. நான் அரை மணி நேரம் பேசினேன். கைதட்டல் அப்படி. வடிவும் வந்திருந்தா. வராதன்னு சொன்னேன், கேக்கலை. சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கிட்டு, முப்பிடாதி பக்கத்துல, வெறும் ரோட்டுல சம்மணம் போட்டு உக்காந்திருந்தா.

கொஞ்ச நேரத்துல தளவாய் கார் வந்துச்சு. பின்னாலயே ஜெபசிங். ரெண்டு பேரும் இறங்கினானுவ, நேரா வந்து அத்தனை பேருக்கு முன்னால என் கால்ல விழுந்தானுவ. இந்தக் காலத்துல எவன் விழுவான்? "சார், நீங்க போய் ரோட்டுல உக்காரலாமா? எங்களுக்கு அசிங்கமா இருக்கு சார். வெயிலா இருக்கு, உள்ள போய்ப் பேசுவோம்"ங்கான் தளவாய். பக்கத்துல கல்யாண மண்டபம்.

முப்பிடாதி உக்காந்த இடத்துலேருந்தே, "சார், இங்கனயே வச்சுப் பேசச் சொல்லுங்க"ன்னா. அந்த வயசுல பேசினதையே இந்த வயசுலயும் பேசுதா பாருங்க. வடிவு என்னை நிமிந்து பாத்து, "அவ சொல்லுதது கேக்குதா?"ன்னா. "ரெண்டு நிமிஷம் இரு, முடிச்சுட்டு வாரேன்"னு சொல்லிட்டுப் போனேன்.

ரூம்ல என்ன மரியாதைங்கிய! ஏசி போட்டு, வடை, பில்டர் காபி. காலேஜ் கதை எல்லாம் பேசினோம். தளவாய் என்னை மாதிரியே பேசிக் காட்டுதான், ஜெபசிங் சிரிக்கான், எனக்கும் சிரிப்பு அடங்கலை. அப்பறம் தளவாய் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "சார், இந்தக் கிடங்கைக் கண்காணிக்க ஒரு குழு போடணும்னு நாங்களே நினைச்சுக்கிட்டுதான் இருந்தோம். அதுக்கு நீங்கதான் தலைவரா இருக்கணும். நகராட்சி ஆபீசுல உங்களுக்குன்னு தனி ரூம், போர்டு, எல்லாம் போட்டுருவோம்"ங்கான். எதிர்க்கட்சிக்காரன் ஜெபசிங்கும் "சாரைத் தவிர வேற யாரு சார்?"ங்கான். ரெண்டு கட்சியும் ஒண்ணு சேந்து ஒரு பேரைச் சொல்லுதுன்னா சும்மாவா? நான் கேக்கலை தம்பி. இதைக் கவனிச்சுக்கிடுங்க. நானா வாயைத் திறந்து எதுவும் கேக்கலை. அவனுவளாக் குடுத்தானுவ. பாடம் சொல்லிக் குடுத்த வாத்தியாருக்குச் செய்யுற மரியாதை அது.

வெளிய வந்து அறிவிச்சேன். குழு போட்டாச்சு, நானே தலைவர், இனிமே எல்லாம் முறைப்படி நடக்கும், போராட்டம் வெற்றின்னேன். காலனிக்காரங்க கைதட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டாவ. லாரிக்காரன் என்ஜினைக் கிளப்பிட்டான். பாத்தா, முப்பிடாதியும் கூட நாலஞ்சு பொம்பளைங்களும் எந்திரிக்கலை. வடிவும் எந்திரிக்கலை. லாரி முன்னால வந்து ஆரன் அடிக்கான். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. சேர்மன் நிக்கான், ஊரே பாக்குது. நான் போய் அவ கையைப் பிடிச்சுத் தூக்கினேன். "புகை நிக்குமா?"ன்னு கேட்டா. "குழு போட்டிருக்குல்ல"ன்னேன். "புகை நிக்குமான்னு கேட்டேன்"னா. "அதெல்லாம் ஒரே நாள்ல நடக்குமா, எந்திரி"ன்னு இழுத்தேன். கையை உதறிட்டா. நாப்பது வருஷத்துல என் கையை அவ உதறினதே இல்லை. அப்பறம் போலீஸ்காரப் பொம்பளை வந்துதான் எந்திரிக்க வச்சுது.

அதுலேருந்து பேச்சு குறைஞ்சு போச்சு. கேட்டா, "பேசினா மூச்சு வாங்குது"ம்பா. ஒரு நாள் ரொம்ப இழுத்து, ஆஸ்பத்திரியில வச்சுத்தான் பிழைச்சா. மக வந்தா, என்னை ஒரு வார்த்தை கேக்கலை, அம்மாவைக் கூட்டிட்டு மதுரைக்குப் போயிட்டா. அங்க போனதுலேருந்து இழுப்பே இல்லையாம். மாடிப்படி ஏறுதாளாம்.

குழுவா? நடக்குது, நடக்குது. இன்னும் கூட்டம்னு ஒண்ணு போடலை. உறுப்பினர் யாரு யாருங்கிறதுல ரெண்டு கட்சிக்கும் சின்ன இழுபறி. அதை நான் பேசி முடிச்சிருவேன். ஆனா ரூம் ரெடி. மேசை போட்டாச்சு, ஃபேன் மாட்டியாச்சு, பேரு எழுதின போர்டு வந்துட்டு. 'தீத்தாரப்பன்'ல கால் ஒண்ணை விட்டுட்டான், மாத்தச் சொல்லியிருக்கேன். கொளுத்துறதும் முன்ன மாதிரி இல்லை. முன்னயெல்லாம் பகல்லயும் கொளுத்துவான். இப்போ சாயங்காலம் மட்டுந்தான். அதுவும் காத்து நம்ம பக்கம் அடிச்சாத்தான் தெரியும்.

நாளை மறுநாள் ரூம் திறப்பு விழா. எம்.எல்.ஏ வாரார். மேடையில வடிவுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். அவ இல்லைன்னா ஊரு என்ன பேசும்? 'குழுத் தலைவர் பொண்டாட்டியே ஊர்ல இருக்க முடியாம ஓடிப் போயிட்டா'ன்னு பேசாதா? அதைத்தான் போன்ல சொன்னேன். "ஒரே ஒரு நாள் வந்து உக்காந்துட்டுப் போ"ன்னேன். போனை வச்சுட்டா. அதான் நேர்லயே போய்க் கூட்டிட்டு வந்திருவோம்னு காலையிலயே கிளம்பிட்டேன். என்னத்துக்கு இந்தப் பிடிவாதம்னு எனக்கு விளங்கலை. அவளுக்காகத்தானே தம்பி ரோட்டுல போய் உக்காந்தேன்? அவளுக்காகத்தானே அந்தக் குழுவுலயே இருக்கேன்?

இருங்க, போன் அடிக்குது. தளவாய்தான். திறப்பு விழா விஷயமா இருக்கும்.

சொல்லு தளவாய்... ஆமா, பஸ்ல இருக்கேன்... சத்தமாப் பேசு, என்ன அங்க ஒரே ஆரன் சத்தம்... யாரு, முப்பிடாதியா? எத்தனை பேரு?... யாரு?... சரியாச் சொல்லு, யாரு?... அவ மதுரையிலல்லா இருக்கா!... நல்லாப் பாத்தியா?... சரி, சரி. நீ போனை வைக்காத. என்ன சொல்லுதா?... ம்... ம்... சரி. போலீசை எல்லாம் கூப்பிடாத, கேட்டியா? நான் வாரேன். நான் வார வரைக்கும் யாரும் கையை வைக்கக் கூடாது. வைக்கக் கூடாதுங்கேன்!

தம்பி, அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் குடுங்க. இல்ல, ஒண்ணுமில்லை.

கிடங்கு ரோட்டுல மறுபடியும் உக்காந்துட்டாவளாம். இந்தத் தடவை காலனி ஆம்பளை ஒருத்தன் கூட இல்லை, பூராவும் பின் தெருப் பொம்பளைங்க. நடுவுல வடிவு. காலையில முதல் பஸ்ல வந்து இறங்கி, வீட்டுக்குக் கூடப் போகாம நேரா அங்க போயிருக்கா. நான் இந்தப் பக்கம் பஸ் ஏறும்போது அவ அந்தப் பக்கம் இறங்கியிருப்பா போல. மகளும் ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க.

தளவாய் ரூமுக்குக் கூப்பிட்டிருக்கான். எவளும் அசையலையாம். சேர்மன், ஊருக்கே முதல் ஆளு, தரையில குத்த வச்சு உக்காந்து, "அம்மா, உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்கம்மா, இப்பவே செஞ்சு தாரேன்"னு வடிவுகிட்ட கேட்டிருக்கான். நான் சொல்லிக் குடுத்த மாதிரியேதான் கேட்டிருக்கான், குறை சொல்ல முடியாது. அதுக்கு அவ, "உங்க சார்கிட்ட கேளுங்க, அவ்வோளுக்குத் தெரியும்"னு சொல்லிட்டா.

அதான் இப்போ அவன் என்னைக் கேக்கான். "சார், அம்மாவுக்கு என்ன சார் வேணும்? சொல்லுங்க, நான் முடிச்சிருதேன்"ங்கான்.

போன்ல அவ மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு தம்பி. அத்தனை லாரிச் சத்தத்துக்கு நடுவுலயும் கேட்டுச்சு. விசில் மாதிரி வரும், எனக்குத் தெரியாதா? நேத்து சாயங்காலம் கொளுத்தினது இன்னும் அணையலையாம். மருந்தை எடுத்துக்கிட்டு வந்தாளோ என்னவோ. பயமா இருக்கு எனக்கு.

கண்டக்டர், அடுத்த ஸ்டாப்புல என்னை இறக்கி விட்டிருங்க. ஆமா, மதுரை டிக்கெட்டுதான், பரவாயில்லை. திரும்பிப் போகணும்.

நகருங்க தம்பி, எந்திரிக்கேன். அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. நான் போய்ப் பேசினா சரியாயிரும். எத்தனை பேருகிட்ட பேசியிருக்கேன். ரூமுக்கு வரலைன்னா கார்ல வச்சுப் பேசுவேன், தனியா. அவளுக்குன்னு எதாவது ஒண்ணு இருக்கும்லா? எல்லாருக்கும் ஒண்ணு இருக்கும். மேடையில நாற்காலி போடுதேன்னேன், போனை வச்சுட்டா. போன தீபாவளிக்குப் பட்டு எடுத்துக் குடுத்தேன், அதையும் பிரிச்சுக் கூடப் பாக்கலை. என்னதான் வேணும் அவளுக்கு? ஒரே வீட்ல நாப்பது வருஷம் இருந்திருக்கேன், எனக்குப் பிடிபடலையே.

நீங்க படிச்ச பிள்ளை, இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு வாரிய. உங்களுக்கு எதாவது தெரியுதா? ஏன் தம்பி என்னை அப்படிப் பாக்கிய?